செட்டிநாட்டுக்கு மூன்று நாள்... வெயிலோடு சண்டை வேண்டாம்!

லீவு விட்டாச்சு. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? 'எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா' என்று நச்சரிக்க ஆரம்பித்து விடுவார்கள். ஊட்டி, கொடைக்கானல் என்றால் கூட்டம். ரூம் கிடைப்பதே பெரும்பாடு. உடனே வீட்டில் ஒருவர் யோசனை சொல்வார். "காரைக்குடிப் பக்கம் போவோமே! பிள்ளையார்பட்டியையும் கும்பிட்ட மாதிரி இருக்கும், அந்தப் பெரிய பெரிய வீடுகளையும் பார்த்த மாதிரி இருக்கும்."

அருமையான யோசனைதான். ஆனால் அதை நாம் எப்படிச் செய்கிறோம்? விடியற்காலை 4 மணிக்கு வேன். ஒரே நாளில் ஒன்பது நகரத்தார் கோயில்கள், இரண்டு அரண்மனை, ஒரு கோட்டை. நடுவில் மத்தியானம் 2 மணிக்கு ஒரு மெஸ்ஸில் வயிறு முட்டச் சாப்பாடு. ராத்திரி 12 மணிக்கு வீடு. மறுநாள் பார்த்தால் ஆளுக்கொரு மூலையில் படுத்திருப்பார்கள். பாட்டிக்குக் கால் வீக்கம், சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு, சர்க்கரை உள்ள தாத்தாவுக்கு உள்ளங்காலில் ஒரு கொப்புளம்.

'கொப்புளம்தானே!' என்று அலட்சியமாக நினைத்து விடாதீர்கள். சர்க்கரை நோயாளியின் உள்ளங்கால் கொப்புளம் புண்ணாகி, சீழ் பிடித்து, கடைசியில் விரலையே எடுக்கும் அளவுக்குப் போவதுண்டு. ஒரு நாள் உல்லாசத்துக்கு இவ்வளவு பெரிய விலை எதற்கு?

ஆக, செட்டிநாட்டுக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் ஓடாதீர்கள். மூன்று நாள் ஒதுக்குங்கள். ஓர் ஊரில் தங்குங்கள். காலையிலும் சாயங்காலமும் சுற்றுங்கள். நடுப்பகலில் நிழலில் இருங்கள். அவ்வளவுதான் ரகசியம்!

பிரான்ஸ் தேசத்தில் லுவார் என்று ஒரு நதி. அதன் கரையில் அம்புவாஸ் என்ற பழைய ஊர். ஓவிய மேதை லியனார்டோ டா வின்சி 1519-ல் கண்ணை மூடியது அந்த ஊரில்தான். லுவார் பள்ளத்தாக்கின் அரண்மனைகளைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் தினம் ஓர் ஊரில் பெட்டியைப் பிரிப்பதில்லை. அம்புவாஸ் மாதிரி ஓர் ஊரில் தங்கிக் கொண்டு, நாளைக்கு ஒன்றோ இரண்டோ அரண்மனை மட்டும் பார்த்துவிட்டு, மீதி நேரம் ஆற்றங்கரையில் காலாற நடக்கிறார்கள். நம் செட்டிநாட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அங்கே ஆறு, இங்கே ஊரணி. அவ்வளவுதான் வித்தியாசம்!

எப்போது போகலாம்?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மிக நல்லது. அதிலும் பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு விடும் டிசம்பர் கடைசி கச்சிதம். மழை வந்தாலும் வரலாம், ஒரு குடை போதும். 'எங்களுக்குக் கோடை லீவுதான் சௌகரியம்' என்கிறீர்களா? ஏப்ரலிலும் போகலாம், தப்பில்லை. ஆனால் அப்போது கீழே சொல்லியிருக்கும் நேரக் கணக்கை ஒரு மணி நேரம்கூட மீறக் கூடாது. மே 4-ல் தொடங்கும் அக்கினி நட்சத்திரத்தில் எழுபது வயதுத் தாத்தாவையும் கைக்குழந்தையையும் வைத்துக் கொண்டு அந்தச் செம்மண் பூமியில் அலைய வேண்டாம்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குக் காரைக்குடி வரை பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மதுரை, திருச்சி இரண்டிலிருந்தும் பஸ்ஸில் இரண்டு, இரண்டரை மணி நேரம்.

தங்குவதற்குக் காரைக்குடியில் லாட்ஜுகள் உண்டு. கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் பழைய செட்டிநாட்டு வீடுகளே இப்போது விடுதிகளாகி இருக்கின்றன. எங்கே தங்கினாலும் போனிலேயே மூன்று கேள்வி கேட்டு விடுங்கள். கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா? வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா? மருந்து வைக்க ஃபிரிட்ஜ் உண்டா? மூட்டு வலிக்காரர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் அங்கே போய் இறங்கிய பிறகு முழிக்கக் கூடாது பாருங்கள்.

வீடே வாத்தியார்!

செட்டிநாட்டில் 96 ஊர்கள் என்பது பழைய கணக்கு. இன்று எழுபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கின்றன. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து போய் வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்த நகரத்தார்கள், 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20-ம் நூற்றாண்டின் நடு வரைக்கும் கட்டிய வீடுகள் இவை. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து மார்பிள் என்று கப்பலில் வந்து இறங்கின. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்க்கப்பட்டன.

பலரும் தூணைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, போட்டோ எடுத்துக் கொண்டு வந்து விடுகிறார்கள். ஒரு நிமிடம் நின்று, 'இந்த வீடு ஏன் இவ்வளவு குளுகுளு என்று இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள்.

வாசலில் முதலில் திண்ணை. அதன் நிழல் தாண்டித்தான் வெயில் உள்ளே வர முடியும். கனமான சுவர். அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு. முட்டையின் வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து அரைத்து, கண்ணாடி மாதிரி தேய்த்தது. உயரமான மேல்தளம். நடுவில் வானத்தைப் பார்த்துத் திறந்த வளவு. சூடான காற்று மேலே போக, வெளிக்காற்று உள்ளே வருகிறது. முன் வாசலில் நின்றால் பின் வாசல் வரை நேர்கோட்டில் கதவுகள். காற்று தடையில்லாமல் ஓடும். காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். மழை பெய்தால் நாலு பக்க ஓட்டுக் கூரையிலிருந்தும் தண்ணீர் வளவில் இறங்கும். அதைப் பிடித்து வைத்துக் கொள்வார்கள். மிச்சம் வாய்க்கால் வழியே ஊரணிக்குப் போகும்.

இத்தனை வசதி செய்து கொண்டவர்கள் நடுப்பகலில் என்ன செய்தார்கள்? வெயிலில் அலையவில்லை! காலையிலேயே வெளி வேலையை முடித்துக் கொண்டு, மத்தியானம் வீட்டுக்குள் இருந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் திண்ணைக்கு வந்தார்கள். நாமும் அதையே செய்வோம். காலை 6 முதல் 10 வரை ஊர் சுற்றல். 11 முதல் 4 வரை நிழல். 4 மணிக்கு மேல் மறுபடி ஊர் சுற்றல். இனி மூன்று நாள் திட்டத்தைப் பார்ப்போமா?

முதல் நாள்: காரைக்குடி

வந்து சேர்ந்த அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். குளித்து, படுத்து எழுந்து, சாயங்காலம் கிளம்புங்கள். கொப்புடையம்மன் கோயிலில் ஒரு கும்பிடு. பிறகு முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு இது. எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி, மரச் செதுக்கல், பழைய போட்டோ பிரேம்... வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. 'எங்க வீட்டுல இது மாதிரி ஒண்ணு இருந்துச்சு' என்று பாட்டி சொல்ல ஆரம்பிப்பார் பாருங்கள், அதற்காகவே போகலாம்.

இலக்கியப் பிரியர்களா? சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்த கவிஞர் கண்ணதாசனுக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. 1939-ல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் ஊரும் இதுதான். கம்பன் மணிமண்டபமும், அந்த வளாகத்திலேயே தமிழ்த்தாய் கோயிலும் உண்டு. ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தெருவிலிருந்தே பார்க்கலாம். ஜன்னல் எண்ணுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்து விடுங்கள். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது!

இரண்டாம் நாள்: கோயில்கள், பறவைகள்

விடிந்ததும் பிள்ளையார்பட்டி. காரைக்குடியிலிருந்து சுமார் 12 கிலோ மீட்டர். பாறையைக் குடைந்து உண்டாக்கிய கோயில். வலம்புரித் துதிக்கையோடு, இரண்டே கைகளோடு, வடக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறார் கற்பக விநாயகர். காலை 7 மணிக்குள் போய் விட்டால் கூட்டமும் குறைவு, தரையும் குளிர்ச்சி. வருகிற வழியில் குன்றக்குடி. மலைமேல் முருகன், கீழே பழைய குடைவரைகள். படி ஏற முடிந்தவர்கள் ஏறட்டும். முட்டி வலி, நெஞ்சு வலி உள்ளவர்கள் கீழேயே இருந்து குடைவரைகளைப் பார்க்கட்டும். 'முருகன் கோவிச்சுக்குவாரே' என்றால்... மாட்டார்!

ஒன்பது கோயிலையும் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள் இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று மூன்று நாளுக்குமாகப் பிரித்துக் கொள்ளுங்கள். காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிற வைரவன்பட்டியை மட்டுமாவது விட்டு விடாதீர்கள். சிற்பங்கள் அவ்வளவு அழகு.

சாயங்காலம், குளிர் மாதமாக இருந்தால், திருப்பத்தூர் - மேலூர் சாலைப் பக்கம் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-ல் அறிவிக்கப்பட்டது. நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன் எல்லாம் கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும். பறவைகள் பயந்து விடும் என்பதற்காகப் பக்கத்து கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி ஜனங்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். பத்துப் பாடப் புத்தகத்துக்குச் சமம்.

மூன்றாம் நாள்: வீடுகள், ஆத்தங்குடி, கோட்டை

காலை 6.30-க்கு கானாடுகாத்தான். காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோ மீட்டர். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடங்கள். அகலமான, நேரான தெருக்கள், போக்குவரத்து குறைவு. வயதானவர்கள் வாக்கிங் போக இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். 1912-ல் கட்டி முடிக்கப்பட்ட செட்டிநாடு அரண்மனையை வெளியே நின்று பார்த்தாலே மலைப்பாக இருக்கும். ஒரு விஷயம்: இவை மியூசியம் இல்லை, வீடுகள். எங்கெங்கோ இருக்கும் பங்காளிகள் கல்யாணத்துக்கும் சாந்திக்கும் வந்து கூடுகிற இடம். கதவு திறந்திருக்கிறதே என்று நுழைந்து விடாமல், 'ஆச்சி, உள்ளே வந்து பார்க்கலாமா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சில வீடுகளில் கட்டணம் வாங்கிக் கொண்டு காட்டுகிறார்கள். ஆத்தங்குடியில் உள்ள பெரிய வீட்டையும் அப்படிப் பார்க்கலாம்.

9 மணி வாக்கில் ஆத்தங்குடி கல் பட்டறை. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே உள்ளூர் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய வைத்துத் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சூளையே கிடையாது! கண்ணாடியை எடுத்தால் பளபளவென்று பூ விரிந்திருக்கும். பட்டறையில் சிமெண்டுத் தூசி இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் வாசலில் நின்று பார்த்தால் போதும்.

ஊர் திரும்புமுன் திருமயம். இது புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. சேதுபதி மன்னர் 1687-ல் கட்டிய கோட்டை. பாறை மேல் ஏறினால் உச்சியில் பீரங்கி. அடிவாரத்தில் சிவனும் பெருமாளும் பக்கத்துப் பக்கத்துக் குடைவரைகளில். தியாகி சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான். வெறும் பாறை என்பதால் நடுப்பகலில் அடுப்பு மாதிரி கொதிக்கும். மாலையில் மூடும் நேரத்தை முதலிலேயே விசாரித்துக் கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு ஏறுங்கள். திருச்சி வழியாக வருகிறவர்கள் இதை முதல் நாள் காலையிலேயே முடித்துக் கொள்வது இன்னும் நல்லது.

கொதிக்கும் கல்லும் மரத்த காலும்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

பல வருஷம் சர்க்கரை நோய் இருப்பவர்களில் பலருக்குப் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கும். கால் மரத்துப் போயிருக்கும். வேடிக்கை என்னவென்றால், மரத்திருப்பதே சிலருக்குத் தெரியாது! கோயில் பிராகாரத்தில் கருங்கல் தளம். மத்தியான வெயிலில் அது தோசைக்கல். மற்றவர்கள் 'ஸ்ஸ்... ஆ...' என்று குதித்துக் குதித்து ஓடுவார்கள். இவர் மட்டும் நிதானமாக நடந்து பிரதட்சணம் செய்வார். 'அப்பாவுக்கு என்ன தெம்பு பாரு' என்று நாம் பெருமைப்படுவோம். அது தெம்பு இல்லைங்க, ஆபத்து! சூடு சுடுவது அவருக்குத் தெரியவில்லை. தோல் வெந்து கொண்டிருக்கிறது.

என்ன செய்யலாம்?

* சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டிய இடங்களைக் காலை 9 மணிக்குள் அல்லது சூரியன் இறங்கிய பிறகு வைத்துக் கொள்ளுங்கள்.

* கோயிலில் அனுமதித்தால் கனமான பருத்தி சாக்ஸ் போட்டுக் கொள்ளுங்கள். பாய் விரிப்பு போட்டிருந்தால் அதன் மேலேயே நடங்கள்.

* செருப்பைக் காரிலேயே கழற்றிவிட்டு ரோட்டில் நடந்து போகிற வழக்கம் வேண்டாம். கோயில் வாசல் வரை செருப்பு காலில் இருக்கட்டும்.

* தினமும் ராத்திரி படுக்குமுன் இரண்டு உள்ளங்கால்களையும், விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரனைப் பார்க்கச் சொல்லலாம்.

* சுட்டு விட்டது என்று தெரிந்தால் உடனே சாதாரணக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, இங்க், எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி, 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போடாமல், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

காரம், பலகாரம்... கணக்கு தெரிந்து சாப்பிடுங்கள்

'செட்டிநாடு' என்று போர்டு போட்ட எல்லாக் கடையிலும் மிளகாயை அள்ளிக் கொட்டுகிறார்கள். அதனால் செட்டிநாட்டுச் சமையல் என்றாலே வாய் எரிய வேண்டும் என்று ஒரு நினைப்பு. உள்ளூர் வீடுகளில் அப்படி இல்லை. இட்லிக்குக் கத்தரிக்காய் கோஸ்மல்லி, சோற்றுக்குத் தண்ணிக்குழம்பு, அரிசி கழுவிய நீரில் செய்கிற மண்டி, பருப்பு போட்ட கூட்டு என்று பதமான அயிட்டங்கள் நிறைய உண்டு. வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இவற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். மிளகுக் கோழியை ஆசைக்கு ஒரு துண்டு ருசி பார்த்தால் போதும். ராத்திரி அசைவம் வேண்டாம். இடியாப்பமோ இட்லியோ சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் படுங்கள்.

அடுத்தது பலகாரம். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், பால் பணியாரம், தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை... சொல்லும்போதே நாக்கில் நீர் ஊறுகிறதா? ஊறட்டும்! ஆனால் பெரும்பாலும் எண்ணெயில் பொரித்தவை. 'டிபனோடு பலகாரம்' என்று இல்லாமல் 'டிபனுக்குப் பதில் பலகாரம்' என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டால் இட்லியில் இரண்டைக் குறையுங்கள்.

கவுனி அரிசி பற்றி ஒரு வார்த்தை. 'கறுப்பு அரிசி, சர்க்கரைக்காரங்களுக்கு நல்லதாமே' என்று இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அரிசியின் கருநிறத்தில் உடம்புக்கு நல்ல நிறமிகள் இருப்பது உண்மை. ஆனால் நமக்குக் கிண்ணத்தில் வருவது சர்க்கரை, தேங்காய், நெய் போட்ட கவுனி அரிசி இனிப்பு! இனிப்பு இனிப்புதான். இரண்டு ஸ்பூன் ருசி பாருங்கள், போதும்.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு எதிரி மிளகாய் இல்லை, உப்பு. ஊறுகாய், அப்பளம், வத்தல் மூன்றையும் இலை ஓரத்திலிருந்து அப்படியே நகர்த்தி வையுங்கள்.

தண்ணீர், மருந்து, மயக்கம்

தாகம் எடுத்த பிறகு குடிப்போம் என்று காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. 'வழியில பாத்ரூம் கிடைக்காது' என்று பயந்து பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருவது வழக்கமாகி விட்டது. சிறுநீர் எரிச்சலுக்கு அதுவே ஆரம்பம். கிளம்புமுன் போய்விட்டு வாருங்கள், கோயில்களிலும் கட்டணக் கழிப்பறைகள் இருக்கின்றன. தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். நீர்மோர், இளநீர் நல்லது. ஆனால் இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம், இளநீர் குடிக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக் கொண்டு வரவேண்டும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பயணத்துக்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்களாக நிறுத்தி விடாதீர்கள்.

இன்சுலினைக் காருக்குள் வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போகக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் அது கெட்டு விடும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைப்பதும் தப்பு. உறைந்த இன்சுலின் பயன்படாது. ஃபிரிட்ஜ் இல்லாத இடமா? பெரிய மண் சட்டியில் மணலை நனைத்துப் போட்டு, நடுவே ஒரு சின்னக் கலயத்தை வைத்து, அதற்குள் இன்சுலினை ஈரம் படாமல் கவரில் போட்டு வைத்து மூடுங்கள். மணல் காயாமல் பார்த்துக் கொண்டால் நல்ல குளிர்ச்சி இருக்கும். செட்டிநாட்டில் மண் சட்டிக்கா பஞ்சம்!

சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக் கொண்டு, தரிசன வரிசையில் நின்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் வந்தால் அது வெயிலாலா, சர்க்கரை குறைந்ததாலா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மெஷின் இருந்தால் சோதியுங்கள். இல்லையா? சந்தேகத்தின் பலனைச் சர்க்கரைக்குக் கொடுங்கள்! மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வையுங்கள். 15 நிமிடத்தில் தெளிந்தால் உடனே சாப்பிடச் சொல்லுங்கள்.

வெயிலில் களைத்து வியர்த்துக் கொட்டி, தலைவலி, குமட்டல் என்றால் நிழலுக்குக் கொண்டு போய், ஆடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து விசிறுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, ஆள் தெரியாமல் உளறினால் அது வெப்ப வாதம், உயிருக்கே ஆபத்து. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும் வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்துக் கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஊரணி அழகு... எட்டி நின்று ரசியுங்கள்

ஊருக்கு ஊர் ஊரணி. நாலு பக்கமும் படிக்கட்டு, சாயங்கால வெளிச்சம், நிழல் ஆடும் தண்ணீர். பிள்ளைகள் இறங்கத் துடிப்பார்கள். படிகளில் பாசி வழுக்கும். எந்தப் படியோடு ஆழம் தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்த பையனாக இருந்தாலும் இறக்க வேண்டாம். குடிநீர் ஊரணியாக இருந்தால் கால் நனைப்பதே தப்பு. கரையில் உட்கார்ந்து கதை பேசுங்கள். மாலையில் கொசு வரும், முழுக்கைச் சட்டை போட்டு விடுங்கள்.

பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் கிடைக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் கொடுங்கள். பொட்டலம் இல்லையா? அதே ஒரு லிட்டரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் கெடுதல். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ ஆஸ்பத்திரிதான்.

பையில் இருக்கட்டும்

* வழக்கமான மருந்துகள் இரண்டு நாளைக்குக் கூடுதலாக, சீட்டோடு

* சர்க்கரைப் பொட்டலம், பிஸ்கட், உப்பு சர்க்கரைப் பொட்டலம் நாலு

* குடை, தொப்பி, பருத்தி சாக்ஸ் இரண்டு ஜோடி

* ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்

* சுத்தமான காடாத் துணி, பாண்டேஜ்

* டார்ச் லைட் (குடைவரைக்கும் உதவும், ராத்திரி கால் பார்க்கவும் உதவும்!)

திரும்பும்போது வீட்டுக்கு என்ன வாங்குவது? 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை. பருத்தி, கோடைக்கு உடம்புக்கு இதம். பனை ஓலையில் முடைந்த கொட்டான்கள். பலகாரம்? வாங்குங்கள், ஆனால் ஊருக்குப் போனதும் நாலு வீட்டுக்குப் பங்கு வைத்து விடுங்கள். அவர்களுக்கும் சந்தோஷம், உங்கள் சர்க்கரைக்கும் சந்தோஷம்!

என்ன, மூன்று நாளில் பத்து இடம்கூடப் பார்க்க முடியாது போலிருக்கே என்று தோன்றுகிறதா? தோன்றட்டும். பார்க்காமல் விட்ட கோயிலும் வீடும் நூறு வருஷமாக அங்கேயேதான் நிற்கின்றன. அடுத்த லீவிலும் நிற்கும். அப்போது அவற்றைப் பார்க்கத் தாத்தாவும் தம் இரண்டு காலால் நடந்து வர வேண்டும். அதற்குத்தான் இந்த நிதானம்.

காலையில் கிளம்புங்கள், மத்தியானம் ஒரு நல்ல வளவில் காலை நீட்டிப் படுங்கள், மாலையில் திண்ணையில் உட்காருங்கள். சந்தோஷமாய்ப் போய், சௌக்கியமாய்த் திரும்பி வாருங்கள்!